எஃப்4 பந்தயம்: மேடை இருக்கிறது, படிக்கட்டு எங்கே?

இந்தியன் எஃப்4 சாம்பியன்ஷிப்பின் அடுத்த சீசன் நெருங்குகிறது. எந்த ஊரில் எத்தனை சுற்று, ட்ராக்கில் ஓடுமா தெருவில் ஓடுமா, எந்த அணிக்கு எந்தத் திரை நட்சத்திரம் உரிமையாளர் என்பதெல்லாம் வழக்கம்போலப் பேசப்படும். அந்த ஒற்றை இருக்கைக் கார்களில் உட்காரப்போவது யார் என்ற கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்பதில்லை. இன்னும் குறிப்பாகக் கேட்டால், அந்த இருக்கை வரைக்கும் பல்லாவரத்துப் பிள்ளை ஒன்று போய்ச்சேர வழி இருக்கிறதா?

வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இன்று அந்த வழி இல்லை. திறமை இருந்தாலும் இல்லை. இந்தச் சீசனில் மாற வேண்டியது அதுதான்.

பல்லாவரத்தைச் சொல்லக் காரணம் உண்டு. தென்சென்னைப் புறநகர் முழுக்க வாகனத்தோடு பிழைக்கும் மண். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் பொறியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர் வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டருக்குள் இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். அங்கேதான் ஹூண்டாய் தொழிற்சாலை. அங்கேதான் இந்தியாவின் முதல் நிரந்தரப் பந்தயத் தடமும். பல்லாவரம் பழைய ட்ரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் செடி, கோழி, பழைய நாற்காலிகளுக்கு நடுவே வண்டி உதிரிகளும் தார்ப்பாயில் பரப்பிக் கிடக்கும். பழைய கார்புரேட்டர் ஒன்றை எடுத்து, அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பையன்களை அங்கே காணலாம். அவர்களுக்குப் பதினைந்து வயது இருக்கும். எஃப்4 காரில் போட்டியிடக் குறைந்தபட்ச வயதும் அதே 15தான்.

முதல் பந்தயக் கார்

எஃப்4 என்பதைச் சிறுவர் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. கார்ட்டிங்கில் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் முதல்முறையாக உண்மையான பந்தயக் காரில் ஏறும் இடம் அது. உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ, 2014-ல் இதற்கு ஒரு பொது வரையறை கொண்டுவந்தது. கார்ட்டிங்கை முடித்தவர்கள் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல், ஊருக்கு ஒரு விதியாகவும் பணத்துக்கு ஒரு காராகவும் சிதறிக் கிடந்த நிலையை ஒழுங்குபடுத்துவது நோக்கம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால், ஒருவர் முந்துவதற்குப் பணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. கையும் கண்ணும் நிதானமும் வேண்டும்.

அங்கிருந்து மேலே போகும் பாதை தெளிவானது: எஃப்4, எஃப்3, எஃப்2, ஃபார்முலா ஒன். ஃபார்முலா ஒன்னில் ஓட்ட 'சூப்பர் லைசென்ஸ்' வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு நாட்டின் எஃப்4 சாம்பியனுக்கு 12 புள்ளிகள் கிடைக்கும். பிரிட்டனில் அந்தத் தொடர் 2015-ல் தொடங்கியபோது முதல் சாம்பியன் லாண்டோ நாரிஸ். இத்தாலி எஃப்4-ல் 2022-ன் சாம்பியன் கிமி அன்டோனெல்லி, 2025-ல் மெர்சிடிஸ் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கினார். இந்தக் கீழ்ப்படி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

இந்தியாவில் எஃப்4 தொடங்கியது 2023-ல். கார்பன் ஃபைபர் உடலும் தலைக்கு மேல் 'ஹேலோ' என்னும் பாதுகாப்பு வளையமும் கொண்ட பிரெஞ்சுத் தயாரிப்பான மைகேல் கார், 1.3 லிட்டர் டர்போ என்ஜின். தரத்தில் ஐரோப்பிய எஃப்4-க்கு எந்தக் குறையும் இல்லை. முதல் ஆண்டின் சாம்பியன் ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர். 2024-ன் சாம்பியன் தென்னாப்பிரிக்காவின் அகில் அலிபாய். இருவரும் திறமையால் வென்றவர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவது தொடரின் தரத்தை உயர்த்தும். இந்தியப் பிள்ளைகளும் மேடை ஏறியிருக்கிறார்கள். ஆனால், இந்திய எஃப்4 என்று பெயர் வைத்து, இந்திய நகரங்களின் பெயரில் அணிகள் அமைத்து நடத்தும்போது, இந்த நாட்டின் எந்தெந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 'சென்னை டர்போ ரைடர்ஸ்' என்று ஓர் அணிக்குப் பெயர் இருக்கிறது. அந்த அணியின் காருக்குள் சென்னைப் புறநகரின் சாதாரண வீட்டுப் பிள்ளை ஒருவர் உட்கார எவ்வளவு காலம் ஆகும்?

சோழவரத்தில் தொடங்கிய கதை

இந்த விளையாட்டு தமிழ்நாட்டுக்கு இறக்குமதியான புதுச் சரக்கு அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தத் தொடங்கியது. உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் 1950-ல் நடந்த சில்வர்ஸ்டோனும் ஒரு போர்க்கால விமானத் தளம்தான். அங்கே போலவே இங்கேயும் போர் விட்டுப்போன கான்கிரீட்டில் ஒரு விளையாட்டு முளைத்தது. ஆண்டுதோறும் சோழவரம் பந்தயத்தன்று சென்னையிலிருந்து சைக்கிளிலும் லாரியிலும் மக்கள் போய்ச் சேர்ந்தார்கள். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று வீட்டு வாசலில் பார்த்த கார்கள் அங்கே பந்தயக் கார்களாக ஓடின.

பிறகு அந்தக் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. 1990-ல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அரசு கட்டிக் கொடுக்கும் வரை காத்திராமல், விளையாட்டை நேசித்தவர்கள் சேர்ந்து எழுப்பிய களம் அது. நாட்டின் மோட்டார் விளையாட்டுகளை நிர்வகிக்கும் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அலுவலகமும் சென்னையில்தான். 2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. ஒரே மாநிலத்தில் இரண்டு நிரந்தரத் தடங்கள், அரை நூற்றாண்டைத் தாண்டிய அனுபவம், கொடி காட்டவும் காரை மீட்கவும் பயிற்சி பெற்ற மார்ஷல்கள், டயர் தொழிற்சாலைகள், உதிரி பாகப் பட்டறைகள். இவ்வளவும் ஒருங்கே அமைந்த மாநிலம் இந்தியாவில் வேறு இல்லை.

கரிவரதன் காட்டிய வழி

கோவைத் தடத்துக்குப் பெயர் கொடுத்தவர் எஸ்.கரிவரதன். ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்த அவர் தானே ஓட்டினார், வென்றார், கார்களும் செய்தார். அவருடைய ஆகப் பெரிய சாதனை, 1980-களின் இறுதியில் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி. சாலையில் ஓடும் மாருதி 800-ன் 796 சிசி என்ஜின். அதைச் சுற்றி கோவைப் பட்டறையில் இரும்புக் குழாய்களை வெல்டு செய்து கட்டிய சட்டம். ஒரே ஒரு இருக்கை. என்ஜின் பழுதானால் எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கலாம். உதிரி பாகம் வேண்டுமென்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். மேல்நாட்டுப் பந்தயக் காரின் வேகம் அதற்கு இல்லை. ஆனால், வளைவுக்கு எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் நுழைவது, முன்னால் போகிறவரை எந்த இடத்தில் நெருக்குவது என்ற பாடங்களைக் கற்க அந்த வேகம் போதும்.

விளைவை வரலாறு பதிந்துவைத்திருக்கிறது. இதுவரை இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். 1993-ல் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர், 2005-ல் ஜோர்டான் அணிக்காக இறங்கி, அந்த ஆண்டே அமெரிக்க கிராண்ட் பிரியில் நான்காவதாக வந்தார். இன்னொருவர் சென்னையின் கருண் சந்தோக். 2000-ல் ஃபார்முலா மாருதியில் தேசிய சாம்பியன். 2010-ல் ஃபார்முலா ஒன்னில் நுழைந்தார். இரண்டு பேரும் தமிழ்நாடு. இரண்டு பேரும் கோவையில் உருவான அந்த எளிய காரில் ஏறியவர்கள்.

இருவரும் வசதியான, பந்தயம் அறிந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை மறைக்கத் தேவையில்லை. நரேனின் தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் புகழ்பெற்ற ராலி வீரர். கருணின் தந்தை விக்கி சந்தோக்கும் பந்தய வீரர்தான். அந்த வசதி அவர்களைப் பிற்பாடு பிரிட்டன் வரைக்கும் கொண்டுபோனது. ஆனால், உள்ளூரில், உள்ளூர் என்ஜினோடு, கைக்கு எட்டும் செலவில் ஒரு முதல் படி இருந்தது என்பதுதான் இதில் நமக்கான பாடம். கரிவரதன் 1995-ல் சிறிய விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த வழி முற்றிலும் அழிந்துவிடவில்லை; மாருதியின் 1300 சிசி என்ஜின் பொருத்திய ஃபார்முலா எல்ஜிபி கார்கள் தேசியப் போட்டிகளில் அதைத் தொடர்ந்தன. ஆனால், விளக்கும் கேமராவும் பணமும் இப்போது இருப்பது அந்தக் கார்களின் மேல் அல்ல.

2012-க்குப் பிறகு எந்த இந்தியரும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டவில்லை. பெங்களூரின் குஷ் மைனி 2025 மே மாதம் மொனாக்கோவில் எஃப்2 ஸ்பிரின்ட் பந்தயத்தை வென்று, அங்கே வென்ற முதல் இந்தியர் ஆனார். பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால், அந்த உயரத்துக்குப் போகிற இந்தியப் பிள்ளைகள் சிறு வயதிலேயே ஐரோப்பாவுக்குப் போய் ஓட்ட வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு சீசனுக்கான செலவு கோடிகளில். அந்தக் கணக்கைப் போடக்கூடிய குடும்பங்கள் இந்த நாட்டில் எத்தனை இருக்கும்?

நடத்துவது வேறு, வளர்ப்பது வேறு

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாட்களில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில், விளக்கு வெளிச்சத்தில் பந்தயம் நடந்தது. தெற்காசியாவின் முதல் இரவு நேரத் தெருப் பந்தயம். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. பந்தயத்துக்கு அரசு சுமார் 40 கோடி ரூபாய் ஒதுக்கியது அரசியல் விவாதமாகி, உயர் நீதிமன்றம் வரை வழக்கும் போனது. அந்த இரவில் நேப்பியர் பாலத்தருகே கார்கள் சீறிப் போனதைப் பார்த்த பிள்ளைகளின் கண்ணில் புதிய ஆசை ஒன்று விழுந்திருக்கும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், மறுநாள் காலை அந்தப் பிள்ளை அப்பாவிடம் "நானும் ஓட்டணும்பா, எங்கே சேரணும்?" என்று கேட்டால், அந்த அப்பாவுக்குச் சொல்ல ஒரு முகவரி இருக்க வேண்டும். அந்த முகவரியை நாம் இன்னும் உருவாக்கவில்லை.

பெரிய நிகழ்ச்சிகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. கிரேட்டர் நொய்டாவில் புத் சர்வதேசத் தடம் கட்டினார்கள். 2011 முதல் 2013 வரை மூன்று ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடந்தன. மூன்றையும் ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். வரித் தகராறில் நான்காவது பந்தயம் நடக்கவே இல்லை. ஐதராபாத்தில் 2023 பிப்ரவரியில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ ஒரு முறை நடந்தது. ஆட்சி மாறியதும் அடுத்த ஆண்டுப் பந்தயம் ரத்தானது. மலேசியாவின் செபாங் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன்னை நடத்தியது. அத்தனை ஆண்டுகளில் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய மலேசியர் அலெக்ஸ் யூங் ஒருவர்தான். தடமும் திருவிழாவும் இருந்தாலே வீரர் வந்துவிடுவதில்லை.

சதுரங்கத்தைப் பாருங்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்தினோம்; 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஒலிம்பியாடுதான் குகேஷை உருவாக்கியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1972-ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் மேனுவல் ஆரோன் நடத்திய டால் சதுரங்க மன்றத்தில் தொடங்கி, பள்ளிக்குப் பள்ளி, தெருவுக்குத் தெரு முளைத்த பயிற்சி மையங்களும், வாராவாரம் நடந்த சிறு போட்டிகளும், பிள்ளையை ஊர் ஊராகக் கூட்டிப்போன பெற்றோரும் அரை நூற்றாண்டாகப் போட்ட அடித்தளம் அது. ஒலிம்பியாட் அந்த அடித்தளத்தின் மேல் நடந்த விழா. மோட்டார் பந்தயத்தில் நாம் விழாவை முன்னால் வைத்துவிட்டோம்.

பைக் பந்தயம் செய்து காட்டியது

செலவு மிகுந்த விளையாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, அதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் பைக்குகள் பதில் சொல்லும். ஒசூரின் டிவிஎஸ் நிறுவனம் 1994 முதல் 'ஒன் மேக்' பந்தயங்கள் நடத்துகிறது. வண்டி நிறுவனத்துடையது, எல்லோருக்கும் ஒரே வண்டி. ஹோண்டாவின் டேலன்ட் கப்புக்கு ஊர் ஊராகப் பிள்ளைகளைச் சோதித்துத் தேர்வு செய்தார்கள். தேர்வானவர் தன் திறமையைக் கொண்டுவந்தால் போதும். வண்டியும் டயரும் மெக்கானிக்கும் பயிற்சியும் நிறுவனத்தின் பொறுப்பு. அதனால்தான் பைக் பந்தயத்தில் சென்னையின் சாதாரணத் தெருக்களிலிருந்து தேசிய சாம்பியன்கள் வந்திருக்கிறார்கள். சென்னையின் சரத்குமார் 2011-ல் உலக கிராண்ட் பிரியின் 125 சிசி பிரிவில் ஓட்டினார்.

நான்கு சக்கரத்தில் செலவு கூடுதல்தான். ஆனால் முறை ஒன்றே: 'பணம் கட்டு, காரில் ஏறு' என்பதற்குப் பதிலாக, 'தேர்வில் வெல், காரில் ஏறு' என்பது. எம்ஆர்எஃப் சென்னையில் பிறந்த நிறுவனம். அதன் ஃபார்முலா 2000 தொடரில் 2016-17-ல் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஓட்டினார். 2018-19-ல் பிரிட்டனின் ஜேமி சாட்விக் அந்தத் தொடரை வென்ற முதல் பெண் ஆனார். பட்டத்தை உறுதி செய்த பந்தயங்களை அவர் வென்றது இருங்காட்டுக்கோட்டையில். உலகின் பிள்ளைகள் இங்கே வந்து வென்று, இங்கிருந்து மேலே போனார்கள். தடத்துக்குப் பக்கத்திலேயே வளரும் பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டாமா?

எதிர்க் கேள்விகள்

மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, குடிநீர் ஒழுங்காக வருவதில்லை, இதில் கார் பந்தயத்துக்கு அரசுப் பணமா என்று தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் யார் கேட்டாலும், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனாலேயே சொல்கிறேன்: பொதுப்பணம் போவதாக இருந்தால், இரண்டு நாள் விழாவுக்குப் போகக் கூடாது, பிள்ளைகளின் தேர்வுக்கும் பயிற்சிக்கும் போக வேண்டும். செலவான ஒவ்வொரு ரூபாயும் பொதுவெளியில் கணக்காக வைக்கப்பட வேண்டும். விழாவின் செலவை, அதில் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் ஏற்கட்டும்.

இரண்டாவது கேள்வி, வேகத்தைக் கொண்டாடினால் சாலையில் பிள்ளைகள் பறப்பார்களே என்பது. தமிழ்நாட்டில் 2022-ல் மட்டும் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். துரைப்பாக்கம் ரேடியல் சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் நள்ளிரவில் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடும் பைக்குகளின் சத்தம் இந்தப் பகுதி மக்களுக்குத் தெரியும். போலீஸ் பிடிக்கிறது, வண்டியைப் பறிமுதல் செய்கிறது, அடுத்த வாரம் வேறு வண்டி ஓடுகிறது. ஹெல்மெட் இல்லாமல் சாலையில் அந்தப் பையன் தேடும் வேகத்துக்கு, ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் தீப்பிடிக்காத உடையும் மருத்துவ வண்டியும் காத்திருக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே மஞ்சள் கொடி தெரிந்தால் யாரும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி தெரிந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். மீறினால் தண்டனை அன்றே, அங்கேயே கிடைக்கும். ஒரு நாள் அந்த ஒழுங்குக்குள் ஓட்டிய பிள்ளைக்கு, அடுத்தவர் உயிரை மதித்து ஓட்டுவது என்ன என்று கையில் பதிந்துவிடும்.

மூன்றாவது, தடத்திலேயே நடக்கும் விபத்துகள். இதை மெல்லிய குரலில் கடந்துபோகக் கூடாது. 2023 ஜனவரியில் மூத்த பந்தய வீரர் கே.இ.குமார் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் கார் மோதி இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுப் பைக் வீரர் ஒருவர் அதே தடத்தில் உயிரிழந்தார். அந்தச் சாவுக்குப் பிறகு எந்த வயதில், எந்தத் திறன் கொண்ட வண்டியில், எத்தனை பேரோடு சேர்த்து ஒரு பிள்ளையை இறக்கலாம் என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது, எழ வேண்டியதுதான். எஃப்4 காரில் ஹேலோவும் கார்பன் ஃபைபர் கூடும் இருப்பது நல்லது. ஆனால், அந்தக் காருக்கு வருவதற்கு முன்னால் பிள்ளை கடக்கும் ஒவ்வொரு படியிலும் வயது, உடல் தகுதி, பயிற்சி நேரம் ஆகியவற்றுக்குக் கறாரான விதி வேண்டும். படிகளை ஒழுங்காகக் கட்டாமல் மேலே ஏறச் சொல்வதுதான் ஆபத்து.

இந்தச் சீசனில் செய்யக்கூடியவை

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. முதலில் கார்ட்டிங். இருங்காட்டுக்கோட்டையிலேயே சர்வதேசத் தரத்தில் கார்ட்டிங் தடம் வந்துவிட்டது. ஆனால், அங்கே ஒரு பிள்ளை முறையாகப் பழக வேண்டுமானால் வண்டி வாடகை, டயர், உடை என்று ஆகும் செலவு ஆட்டோ ஓட்டுநர் வீட்டுக்கோ தையல் வேலை செய்யும் அம்மாவுக்கோ தாங்காது. மாவட்டத்துக்கு ஒரு தேர்வு நாள் வைக்கலாம். அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, ஒரே மாதிரி வண்டி கொடுத்து, லேப் நேரத்தை மட்டும் பார்த்துத் தேர்வு செய்யலாம். ஸ்டாப்வாட்ச் யாருடைய சிபாரிசையும் கேட்காது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. வீரர்களுக்கு உதவ 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது. புதிதாக அலுவலகம் திறக்க வேண்டியதில்லை.

இரண்டாவது படி, கரிவரதன் வழியில் உள்ளூரில் கட்டிய எளிய ஃபார்முலா கார். கார்ட்டிங்கில் தேறிய பிள்ளைகளுக்கு ஒரு முழு சீசன் அந்தக் காரில் செலவில்லாமல் ஓட்டக் கிடைக்க வேண்டும். அந்தக் கார்களைப் பராமரிக்கும் வேலையில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களைச் சேர்க்கலாம். ஆண்டுதோறும் கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்குப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே ஃபார்முலா கார் கட்டிக்கொண்டு போகிறார்கள். கார் கட்டத் தெரிந்த மாணவர்களும் கார் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளும் ஒரே பிட்டில் சேர்ந்து நிற்கட்டும். ஒரு பந்தயக் காருக்குள் ஒருவர்தான் உட்கார முடியும். அதைச் சுற்றி டயர் அழுத்தம் பார்க்க, சஸ்பென்ஷன் திருத்த, டேட்டா படிக்க, வெல்டிங் செய்யப் பலர் வேண்டும். ஓட்டுநராக ஆக முடியாத பல்லாவரத்துப் பையனுக்கும் பெண்ணுக்கும் அது கௌரவமான தொழில். கார்புரேட்டர் ஜெட்டை வெயிலில் பிடித்துப் பார்க்கும் அந்தக் கண்ணுக்கு அங்கே நிச்சயம் வேலை உண்டு.

மூன்றாவதுதான் எஃப்4. தொடரை நடத்தும் நிறுவனத்திடமும் எஃப்எம்எஸ்சிஐயிடமும் கேட்பது ஒன்றுதான்: கீழே இருந்து தேர்வாகி வந்த இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒவ்வொரு சீசனிலும் சில இருக்கைகளை முழுச் செலவோடு ஒதுக்குங்கள். அதில் ஒன்றாவது பெண் பிள்ளைக்கு இருக்கட்டும். அரசு தன் தெருவையும் தன் போலீஸையும் தன் விளம்பரத்தையும் இந்தத் தொடருக்குக் கொடுக்குமானால், பதிலுக்கு இந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். நகரத்தின் பெயரைச் சூட்டிக்கொள்ளும் அணி, அந்த நகரத்துப் பிள்ளை ஒருவருக்காவது சோதனை ஓட்டம் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யலாம். அஜித்குமார் போன்ற நட்சத்திரம் சினிமாவுக்கு நடுவே பந்தயத்துக்குத் திரும்பி, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தபோது, தமிழ்நாட்டின் சின்ன ஊர்களிலும் பிள்ளைகள் மோட்டார் பந்தயம் பற்றிப் பேசினார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. அந்த ஆர்வத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம்தான் வேண்டும்.

இவை ஒரே ஆண்டில் பலன் தராது. இன்று 10 வயதில் கார்ட்டில் ஏறும் பிள்ளைக்கு எஃப்4 வயது வர ஐந்து ஆண்டுகள் ஆகும். சூப்பர் லைசென்ஸுக்குப் பொதுவாக வயது 18 ஆக வேண்டும். எந்த ஆட்சி வந்தாலும் போனாலும் நிற்காத திட்டமாக இருந்தால்தான் அந்தப் பிள்ளை கடைசிப் படி வரை போகும். அதனால் இதை ஒரு கட்சியின் பெருமையாகவோ இன்னொரு கட்சியின் குற்றச்சாட்டாகவோ பார்ப்பதை இரு தரப்பும் விட வேண்டும்.

அடுத்த சீசனுக்கான அட்டவணை வெளியாகும் நாளில், அதோடு சேர்த்து ஒரு பக்க அறிவிப்பும் வெளியாக வேண்டும்: எத்தனை இருக்கைகள் தேர்வின் மூலம் நிரப்பப்படும், தேர்வு எந்த நாளில், எந்தத் தடத்தில், விண்ணப்பம் எங்கே, செலவு யாருடையது. அந்த அறிவிப்பு பல்லாவரம் அரசுப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் அளவுக்கு எளிமையாக, தமிழில் இருக்க வேண்டும். அதைச் செய்தால் இந்தத் தொடரை நம் தொடர் என்று சொல்லிக்கொள்ளலாம். செய்யாவிட்டால், நம் தெருவில் நடக்கும் அடுத்தவர் வீட்டுத் திருமணமாகவே அது இருந்துவிடும். முடிவெடுக்க வேண்டியவர்கள் மூன்று பேர்: மாநில அரசு, எஃப்எம்எஸ்சிஐ, தொடரை நடத்தும் நிறுவனம். மூவருக்கும் அலுவலகம் உண்டு, அதிகாரம் உண்டு, நேரமும் இருக்கிறது.